பணிப்பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தையும் அன்பையும் அன்றாட வாழ்வில் எப்படிக் காட்டுகிறார்கள் என்று யாராவது கேட்டால், எங்களில் பலருக்கு உடனே நினைவுக்கு வருபவை கிறிஸ்மஸ் காலத்தில் வீடுவீடாகப் போய்ப் பாடும் கீதப் பவனி, வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலம், முதியோர் இல்லத்தில் நடத்தும் பாட்டு நிகழ்ச்சி ஆகியவைதாம். இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் பொட்டலம் கட்டியிருக்கிறேன், பாடியிருக்கிறேன். ஆனால் இவை அனைத்தும் நம் வீட்டுக்கு வெளியே, நமக்குத் தோதான நாளில், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுபவை. நான் எழுத நினைப்பது வீட்டுக்குள் வாரம் முழுவதும் நம்மோடு இருக்கும் ஒருவரைப் பற்றி, அதாவது இல்லப் பணிப்பெண்ணைப் பற்றி. அதிலும் குறிப்பாக அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

சிங்கப்பூரில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான இல்லப் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில், குறிப்பாக வயதான பெற்றோர் இருக்கும் குடும்பங்களில், அவர்கள் இல்லாமல் ஒரு காரியமும் நடப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2014ஆம் ஆண்டு என் தாயாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தபோது, மத்திய ஜாவாவிலிருந்து ஒரு பெண் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வேலைக்கு வந்தார். அவரை இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் அப்படிச் சொன்னதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். “அது சாப்பிட்டுச்சா?”, “அதுகிட்டச் சொல்லிடு” என்றுதான் பேசினோம். அவன், அவள், அவர் என்று மரியாதையை இத்தனை படிகளாக வகுத்து வைத்திருக்கும் நம் மொழியில், வீட்டு வேலை செய்பவருக்கு மட்டும் நாற்காலிக்கும் நாய்க்குட்டிக்கும் உரிய சொல்லை எடுத்து நீட்டுகிறோம். வீட்டில் யாருக்கும் அது உறுத்தவில்லை. தினமும் இரவில் குடும்ப ஜெபம் நடந்த வீடு அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் தாயாரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவரும் எங்களோடு ஆலயத்துக்கு வருவார். எங்கள் ஆலயத்தில் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே ஒரு தாழ்வாரம் இருக்கிறது. அங்கே ஒரு மின்விசிறி சுழலும். ஆராதனை நடக்கும் ஒன்றரை மணி நேரமும் அவர் அங்கே அம்மாவின் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அம்மா புரையேறாமல் விழுங்குவதற்காகத் தண்ணீரில் கெட்டிமாவு கலந்து கரண்டியால் ஊட்டுவார், வாயோரம் வழிவதைத் துடைப்பார், பாட்டு வரும்போது அம்மாவின் கையைப் பிடித்துத் தாளம் போடுவார். ஆராதனை முடிந்து வெளியே வருபவர்கள் எல்லாரும் “எவ்வளவு அருமையாப் பாத்துக்கிறா!” என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொள்வேன். எல்லாரையும் போல அவரும் காற்று வாங்க வெளியே வந்தாயிற்று, நல்ல இடத்துக்கு வந்தாயிற்று, இதற்கு மேல் என்ன ஓய்வு வேண்டும் என்று மனத்துக்குள் ஒரு கணக்கு வேறு போட்டிருந்தேன். அவர் இஸ்லாமியர். எங்கள் ஆலயத்துக்கு அவர் வந்தது தொழுவதற்காக அல்ல. அது அவருடைய வேலை. இந்த எளிய விஷயம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. “இத்தனை வருஷம் வர்றாளே, இன்னுமா ஞானஸ்நானம் எடுக்கல?” என்று என்னிடம் கேட்ட சபையாருக்கு அது இன்னும் விளங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சட்டப்படி நாங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. வாராந்தர ஓய்வுநாள் கொடுக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. அதில் ஒரு வழியும் இருந்தது: பணிப்பெண் சம்மதித்தால் ஓய்வுநாளுக்குப் பதிலாகக் குறைந்தது ஒரு நாள் கூலியைக் கூடுதலாகக் கொடுத்துவிடலாம். 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 23 வெள்ளிச் சில்லறை வரும். அந்தச் சில்லறையை நான் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வாங்கினேன், தாள்களைக் கோப்பில் அடுக்கி வைத்தேன். நானூறுக்கும் மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கோப்பில் இருக்கின்றன. “அவளே காசுதான் வேணும்னு சொல்றா” என்று மற்றவர்களிடமும் சொல்லி வந்தேன். அது பொய்யில்லை. ஆனால் முதல் சில மாதச் சம்பளம் முழுவதும் இங்கே வேலைக்கு வர ஊரில் வாங்கிய ஏஜென்சிக் கடனுக்கே போய்விடும் நிலையில் இருந்த ஒரு பெண்ணிடம், அவரை எந்த நேரமும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உள்ள முதலாளியம்மா தாளை நீட்டி “உனக்குச் சம்மதந்தானே?” என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்ல முடியும்?

2022ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான லெந்து காலத்தில் ஒரு ஞாயிறு, வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. வேதாகமத்தில் உபாகமம் ஐந்தாம் அதிகாரம், பத்துக் கட்டளைகள். சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பகுதி என்பதால் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவும் இல்லை. நாங்கள் மனப்பாடம் செய்தது யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் உள்ள வடிவம். அங்கே ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு: ஆறு நாளில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கிய கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமத்தில் காரணம் வேறாக இருக்கிறது. உன் வீட்டில் யார் யார் அன்று வேலை செய்யக் கூடாது என்ற பட்டியலில் வேலைக்காரனையும் வேலைக்காரியையும் சொல்லிவிட்டு, நீ இளைப்பாறுவதைப் போலவே அவர்களும் இளைப்பாற வேண்டும் என்று அது மறுபடியும் அழுத்திச் சொல்கிறது; எகிப்தில் நீயும் அடிமையாக இருந்தவன் என்பதை மறந்துவிடாதே என்று அடுத்த வசனத்தில் நினைவூட்டுகிறது. அந்த வரியை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டே, பழக்கத்தால், அம்மா எப்படி இருக்கிறார் என்று பக்கவாட்டுக் கதவின் வழியாகப் பார்த்தேன். பணிப்பெண் குனிந்து, சக்கர நாற்காலியின் கால்தாங்கியில் சிக்கியிருந்த அம்மாவின் சேலை நுனியை விடுவித்துக்கொண்டிருந்தார்.

வாசிப்பை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று மதியமும் அவர்தான் எங்கள் எல்லாருக்கும் கோழிக்குழம்பு சூடாக்கிப் பரிமாறினார். அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். வேதவசனம் என்னைக் குத்தியது உண்மை. குத்திய பிறகும் ஒன்பது மாதம் நான் அசையவில்லை. மாதத்தில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு கட்டாயம், அந்த ஒரு நாளைக் காசாக மாற்ற முடியாது என்ற மனிதவள அமைச்சின் விதி 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்ததும்தான் அவருக்கு முதல் விடுமுறை கிடைத்தது. அன்பு சட்டத்தைவிட அதிகம் செய்யும் என்று எங்கள் மேடைகளில் அடிக்கடி பேசப்படும்; என் வீட்டில் சட்டம் முன்னே போயிற்று, அன்பு அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தது.

அந்த முதல் விடுமுறை நாளில் அவர் இளம்பச்சை நிறத்தில் ஒரு தலைத்துணி அணிந்து புறப்பட்டார். அவரிடம் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. பாய லேபாரில் ஊர்க்காரத் தோழிகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்றேன். ஏழு மணிக்கு வந்தார். அந்த ஒரு மணி நேரம் நான் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்துக்கு நியாயம் தேட முயன்றபோதுதான், அறுபத்தைந்து வயதான எனக்கு யாரும் இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று நேரம் குறித்ததில்லை என்பது உறைத்தது. கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது: களைப்பு. அன்று முழுவதும் அம்மாவை நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டுமென்றால் முதலில் நாற்காலியைச் செயலிழக்காத பக்கம் சற்றுக் கோணலாக வைத்துப் பிரேக் போட வேண்டும், பிறகு முழங்காலுக்கு முழங்கால் முட்டுக் கொடுத்து, அம்மாவின் இடுப்பைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணித் திருப்ப வேண்டும். நான் முதல் முறை திருப்பியபோது அம்மா பாதி வழியில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீரில் கெட்டிமாவு எத்தனை கரண்டி போடுவது என்று தெரியாமல் களிபோல ஆக்கிவிட்டேன். பிற்பகலில் அணையாடை மாற்றும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சத்தம் கேட்டு வந்து ஒரு கை கொடுத்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் இருந்தார். அவருக்கு எந்த வேதவசனமும் தெரியாது. இவ்வளவையும் ஒரு பெண் தினமும், ஒன்பதாவது ஆண்டாக, முகம் சுளிக்காமல் செய்துகொண்டிருந்தார் என்பதை அன்றுதான் என் உடம்பு தெரிந்துகொண்டது.

இதை நான் சபையில் வெளிப்படையாகச் சொன்னபோது வந்த பதில்களையும் எழுத வேண்டும். “வெளிய விட்டா கெட்டுப் போயிடுவாளுங்க” என்பது முதல் பதில். நம் சொந்த மகள்களைப் பற்றிச் சொன்னால் நமக்கு ரத்தம் கொதிக்கும் ஒரு பேச்சை, அயல்நாட்டிலிருந்து வந்து நம் பெற்றோருக்குக் கால் பிடித்துவிடும் பெண்ணைப் பற்றிக் கூசாமல் பேசுகிறோம். இதற்கு மேல் அந்தப் பதிலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. “தீர்வை கட்டுறோம், சம்பளம் கொடுக்கிறோம், சாப்பாடு போடுறோம்” என்பது இரண்டாவது. பணிப்பெண்ணை வைத்திருப்பதற்காக மாதந்தோறும் அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டுவது உண்மைதான். ஆனால் வீட்டில் முதியவர் இருப்பதால் 300 வெள்ளித் தீர்வைக்குப் பதிலாக 60 வெள்ளி மட்டும் கட்டும் சலுகை எங்களுக்கு இருந்தது. மாதம் 240 வெள்ளி மிச்சம். அந்தச் சலுகை என் தாயாரின் முதுமையை முன்னிட்டு வந்தது, அந்த முதுமையைச் சுமந்தவர் அவர், மிச்சம் மட்டும் முழுவதாக எங்கள் பைக்குப் போயிற்று. அவருடைய சம்பளத்தை உயர்த்தலாமே என்ற எண்ணம்கூட எனக்கு அந்த ஆண்டுகளில் வரவில்லை.

மூன்றாவது பதில் மட்டும் பதில் சொல்லத் தக்கது: “ஞாயித்துக்கிழமை அவளை அனுப்பிட்டா அம்மாவை யாரு பாத்துக்கிறது? நாங்க ஆலயத்துக்கு வர வேண்டாமா?” இது சாக்குப்போக்கு இல்லை. படுக்கையில் இருக்கும் பெற்றோர், வேலைக்குப் போகும் பிள்ளைகள், வாரத்தில் ஒரே ஒரு ஓய்வுநாள் என்று மூச்சுத் திணறும் குடும்பங்களை எனக்குத் தெரியும். வீட்டுக்கே வந்து சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் ஓய்வுப் பராமரிப்புச் சேவைகள் இங்கே உண்டு. அவற்றை விசாரிப்பது நல்லது. ஆனால் முதியவருக்கு அறிமுகமான முகம் வேண்டும், தமிழ் பேசும் ஆள் வேண்டும். அது சபையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் எங்கள் சபைப் பெண்கள் நால்வர் சேர்ந்து ஒரு முறைப்பட்டியல் வகுத்துக்கொண்டோம். முதியவர் இருக்கும் வீட்டுக்கு ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஒருவர் போவார்; பணிப்பெண் வெளியே கிளம்புவார், குடும்பத்தார் ஆராதனைக்குப் போவார்கள், பன்னிரண்டரை மணிக்குக் குடும்பத்தார் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்வார்கள். முறை வருபவர் அந்த வாரம் ஆராதனைக்கு வர முடியாது. “அப்போ நீங்க ஆராதனையை விட்டுடுறீங்களே?” என்று ஒருவர் கவலைப்பட்டார். ஓய்வுநாளில் ஒருவரைச் சுகமாக்கலாமா என்ற கேள்விக்கு, அன்று நன்மை செய்வது நியாயம்தான் என்று இயேசு சொன்ன பதில் சுவிசேஷத்திலேயே இருப்பதால் நான் அதற்குத் தனியாக வாதாடவில்லை.

எங்களில் ஒருவர், ஓய்வு பெற்ற தாதி, முதல் வேலையாக எங்களை உட்கார வைத்துத் தூக்கி மாற்றும் முறையையும் தண்ணீரைக் கெட்டியாக்கும் அளவையும் சொல்லிக் கொடுத்தார். அன்பு இருந்தால் போதும் என்று நினைத்திருந்த எங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் மிகவும் தேவையாக இருந்தது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையில்கூட அவன் மனம் இரங்கினான் என்பதோடு கதை நின்றுவிடுவதில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டுகிறான், தன் கழுதையில் ஏற்றுகிறான், சத்திரக்காரனிடம் இரண்டு காசு எண்ணிக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கும் பேசுகிறான். இந்தச் சிங்கப்பூரிலேயே 1913ஆம் ஆண்டு பேராயரின் மனைவியான டாக்டர் சார்லட் பெர்குசன்-டேவி, ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பென்கூலன் ஸ்திரீட்டில் ஒரு சிறிய மருந்தகத்தைத் திறந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. நம் காலத்தில் 2006ஆம் ஆண்டு கிறிஸ்தவ மருத்துவர் கோ வெய் லியோங்கும் நண்பரும் தொடங்கிய ஹெல்த்சர்வ் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த செலவில் வைத்தியம் பார்த்து வருகிறது. ஆண்டுவிழா மலர்களில் இத்தகைய முன்னோடிகளைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறோம். மலரை அச்சுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், நம் சமையலறையில் ஒரு பெண் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். ஆறு நாளும் வெள்ளைக்காரத் துரையின் மணியடிப்புக்கு ஓடிய மனிதருக்கு ஞாயிறு ஒன்றுதான் தன் சொந்த நாள் என்று என் அம்மா சொல்வார்: அன்று வெள்ளை வேட்டி கட்டுவார், ஆலயத்துக்குப் போவார், திரும்பி வந்து யாரும் எழுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு மாலைவரை தூங்குவார். எகிப்தை நினை என்று உபாகமம் சொல்வதை நான் இப்போது அந்த வெள்ளை வேட்டியாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். இந்த ஊர்த் தமிழர்களில் கூலியாக வந்தவரின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்தக் கடிதம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது புரியும். எனினும் என் வீட்டுக் குப்பையைப் பற்றித்தான் எனக்குப் பேச உரிமை உண்டு என்பதால் என்னவர்களைப் பார்த்தே எழுதியிருக்கிறேன்.

2024ஆம் ஆண்டு என் தாயார் காலமானார். அடக்க ஆராதனையின்போது அந்தப் பெண் தாழ்வாரத்தில் அல்ல, குடும்பத்தாரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பிப் போகுமுன் சாங்கி விமான நிலையத்தில், கொடுக்காமல் விட்ட ஞாயிற்றுக்கிழமைகளுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “தா அப்பா, இபு” என்றார். பரவாயில்லை, அம்மா என்று அவர் மொழியில் அர்த்தம். பத்தாண்டுகளில் நான் எதைச் சொன்னாலும் அவர் சொன்ன பதில் அதுதான் என்பதால், இந்த முறை உண்மையில் மன்னித்தாரா, வழக்கம்போலச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் சபைக் குழுவினருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில், முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் உள்ள வீடுகள் எத்தனை, அவர்களில் எத்தனை பேருக்கு ஞாயிறு ஓய்வு கிடைக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முறைப்பட்டியல் போட நான்கு பேர் போதும். எங்கள் சபையில் இப்போது அது ஐந்து வீடுகளுக்கு நடக்கிறது. வரும் ஞாயிறு என் முறை, பிடோக்கில் ஒரு பெரியவர் வீட்டில். அந்த வீட்டில் வேலை பார்க்கும் மியன்மார்ப் பெண் நேற்றே தொலைபேசியில் அழைத்து, சக்கர நாற்காலியின் இடப்பக்கப் பிரேக் சரியாகப் பிடிக்காது, இரண்டு முறை அழுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அங் மோ கியோ வாசகி